சரிக்கட்டியின் மூன்றாம் நிலை

மனிதர்களில் சரிக்கட்டி என்று ஓர் இனம் உண்டு. அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பார்; இருவரும் ஒரே ஆளாக இருக்கவும் வாய்ப்புண்டு.

கதவு இழுத்துப் பிடித்தால் கீலைக் கழற்றிப் பார்ப்பவர் சாதாரண மனிதர். சரிக்கட்டி அப்படியெல்லாம் அவசரப்பட மாட்டார். கைப்பிடியை லேசாகத் தூக்கி, தோளைக் கொடுத்து, இடுப்பால் ஓர் இடி இடித்து, கதவு திறந்ததும் வித்தை காட்டியவரைப் போலத் திரும்பிப் பார்த்து, "அவ்வளவுதாங்க, ஒரு டெக்னிக்" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இடியைக் கற்றுக்கொடுப்பார். கற்றுக்கொள்ளத் தெரியாதவர்களை இரக்கத்தோடு பார்ப்பார். குழாய் சொட்டினால் அடியில் வாளி வைப்பார். வாளி நிரம்பினால் பெரிய வாளி வைப்பார். நாற்காலிக்கு ஒரு கால் குட்டையானால் அட்டையை மடித்துச் சொருகுவார். அட்டை நைந்துபோனால், எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் நாற்காலி ஆடாது என்று கண்டுபிடித்து, அன்றிலிருந்து உலகத்தையே கொஞ்சம் சாய்வாகப் பார்க்க ஆரம்பிப்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"பழகிடும்."

பழகிவிடும்தான். அதுதானே பிரச்சினையே!

நான் பல சரிக்கட்டிகளை அறிவேன். ஆனால் பழகிப்போவதையே ஒரு படிப்பாகப் படித்து, அதில் டாக்டர் பட்டமும் வாங்கி, அதற்கென்று ஓர் இருட்டறையும் ஒதுக்கப்பட்டு, சொந்த ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து உட்கார்ந்திருக்கும் சரிக்கட்டி ஒருவரைத்தான் அறிவேன். ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குப் பக்கத்து அறைக்காரர். கீழே வருவதில் பாதி அவரே சொன்னது. மீதி அவர் மனைவி சொன்னது. இரண்டும் முரண்படும் இடங்களில் மனைவியை நம்பியிருக்கிறேன்.

அவர் வேலை என்ன என்று கேட்கிறீர்களா? மத்தியான வெயிலிலிருந்து சினிமா தியேட்டருக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அந்தச் சம்பவத்தின் பின்னணியில் இருக்கும் விஞ்ஞானம்தான் அவர் வேலை. கண்ணுக்குள் வெளிச்சத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. லேசுப்பட்டவை அல்ல. "எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது?" என்று நேராகக் கேட்டால் பதில் சொல்லாது. "முன்னே இருந்ததைவிடக் கூடவா, குறைச்சலா?" என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கும். வெளிச்சம் கூடியதும் ஒரு கூப்பாடு போடும். அதே வெளிச்சம் நீடித்தால், "சரி சரி, தெரியும்" என்று குரலை இறக்கிக்கொண்டு, அந்த வெளிச்சத்தையே பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அடுத்த மாற்றத்துக்குக் காத்திருக்கும். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் முதல் வாரம் நடக்கும் உபசாரத்தையும் மூன்றாம் வாரம் நடக்கும் உபசாரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். செல்லின் மனசு விளங்கிவிடும்.

இந்தப் பழகலைச் சமன்பாடுகளாக எழுதி, கணினிக்குள் ஒரு பொய்ச் செல்லை உண்டாக்கி, நிஜச் செல்லும் பொய்ச் செல்லும் ஒரே மாதிரி கத்துகின்றனவா என்று பார்ப்பதற்கு மாதிரி அமைத்தல் என்று பெயர். திரையில் இரண்டு கோடுகள் வரும். ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் வெற்றி. படியாவிட்டால்? நம்மவரிடமா படியாது? சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்ப்பார். இன்னும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால் இன்னொரு மாறிலி. மடித்துச் சொருகிய அட்டைதான். கிரேக்க எழுத்தில் எழுதியிருப்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நிஜச் செல்லுக்கு அவர் நம்பியிருந்தது ஈ. ஆமாம், ஈதான். ஓர் ஈயைப் பிடித்து, சின்னக் குழாய்க்குள் நுழைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு மெழுகால் ஒட்டி, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய மின்முனையை அதன் கண்ணுக்குள் இறக்கி, எதிரே ஒரு விளக்கை வைத்து மின்னவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செல் சொல்வதைப் பதிவு செய்வார். விருப்பமில்லாமல் பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அந்த ஈயின் நிலையை அறிவார்கள்.

"ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, உங்க வீட்டுக்காரர் அங்க என்ன பண்றார்னு. ஈ ஓட்டறார்னா சொல்றது?" என்று அவர் மனைவி ஆரம்ப காலத்தில் கேட்டதுண்டு. மனைவி மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர். வளையாத முழங்காலை வளைக்கிறவர். வளையாத கணவரிடம் தோற்றவர்.

"ஓட்டலைம்மா. ஒட்டறேன்" என்பார் சரிக்கட்டி, பெருமையாக.

இருட்டறைக்குள் போய்ப் பார்த்தால் மனிதரின் முழு வரலாறும் தெரியும். மின்முனையை நகர்த்தும் திருகு தேய்ந்துவிட்டது. அதனால் இரண்டு சுற்று சுற்றி அரைச் சுற்று பின்னால் வருவார். மேசையின் கீழ் டிராயர் திறக்காது. அதனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். விளக்கின் முதுகில் சூட்டைத் தணிக்க உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்று உண்டு. ஒருநாள் அது கிரீச்சிட்டு, மேசையை அதிரவிட்டு, ஈயின் கண்ணிலிருந்த மின்முனையை நழுவ வைத்தது. சாதாரண மனிதர் ஃபேனை மாற்றியிருப்பார். இவர், "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று சொல்லி அதன் ஒயரைக் கழற்றி ஓரமாகத் தொங்கவிட்டார். அறை அமைதியானது. பதிவு பிரமாதமாக வந்தது.

அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த பருவத்தில்தான் அவர் ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். செல் வெளிச்சத்துக்குப் பழகுவதில் இரண்டு நிலைகள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. முதல் நிலை, கண் இமைப்பதற்குள். இரண்டாம் நிலை, சற்று நிதானமாக. அதோடு முடிந்துவிடும் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் நம்மவருடைய ஈக்கள் மட்டும் அரை மணி, முக்கால் மணி என்று மெல்ல மெல்ல, மெல்ல மெல்லக் குரலை இறக்கிக்கொண்டே போயின. எல்லா ஈக்களும். எல்லா நாளும். ஒரே வளைவில். இரண்டு நிலைகளை வைத்து அந்த வளைவு படியவே இல்லை. மூன்றாவதாக ஒரு நிலையைச் சேர்த்தார். படிந்தது. படிந்தது என்றால் எப்படி? நேற்றுத் தைத்த சட்டை மாதிரி. மாதிரி அமைப்பவர்களின் வாழ்க்கையில் அப்படி ஒரு பொருத்தம் ஒரு தடவை வந்தால் அதிகம். சாதகப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கே அது கிடைப்பதில்லை.

மூன்றாம் நிலை! பரிசோதனைக் கூடத்தின் தலைவர், எதைக் காட்டினாலும் "சுவாரசியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறவர், அந்த வளைவைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை "சுவாரசியம்" என்றார். சரியான நேரத்தில் சொன்னார். ஏனென்றால் சரிக்கட்டியின் ஒப்பந்தம் முடியப் போகிறது. அதைப் புதுப்பிக்கலாமா என்று ஒரு குழு கூடிப் பேசும். அதன் முன்னால் அவர் தன் ஆராய்ச்சியை விளக்க வேண்டும். புதுப்பித்தால் வேலை. புதுப்பிக்காவிட்டால் வேலையோடு தங்கும் அனுமதியும் போகும். மனைவி முழங்கால்களை விட்டுவிட்டுப் பெட்டி கட்ட வேண்டும். வெளிநாட்டில் பிழைக்கிற எங்களுக்கெல்லாம் அடிவயிற்றில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல செய்தி வந்தால்கூட அது நிற்காது, கொஞ்சம் மெதுவாகும். மூன்றாம் நிலை வந்தபிறகு அந்த வீட்டில் அது மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாமியார் வந்து சேர்ந்தார்.

மாமியார் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் சரி என்று கையெழுத்துப் போட்ட எதையும் சரி என்று நம்பாமல் இருப்பதற்காக அரசாங்கமே அவருக்கு ஆயுள் முழுவதும் சோறு போட்டிருக்கிறது. வருவதற்குச் சற்று முன்னால்தான் வலது கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்திருந்தார்கள். இடது கண்ணுக்கு இன்னும் ஆகவில்லை. அதாவது, ஒரு கண் புதுசு, ஒரு கண் பழசு. இதைவிட ஆபத்தான உறவுக்காரர் ஒரு சரிக்கட்டியின் வீட்டுக்கு வர முடியுமா?

வந்த அன்றே கூடத்தின் நடுவில் நின்று வலது கண்ணைப் பொத்தினார். இடது கண்ணைப் பொத்தினார். மறுபடி மாற்றினார்.

"ஏண்டி, இந்த ஸ்கிரீன் துணி என்ன கலர்?"

"சந்தனக் கலர்ம்மா."

"பழைய கண்ணுக்குச் சந்தனக் கலர்தான். புதுக் கண்ணுக்கு அழுக்குன்னு தெரியுது."

அன்று சாயங்காலத்துக்குள் தணிக்கை முடிந்துவிட்டது. சமையலறை பல்பு எரிகிறதா, அல்லது எரிந்த ஞாபகத்தில் தொங்குகிறதா? குளியலறைக் கதவை இடித்துத் திறப்பது எந்த வேதத்தில் சொல்லியிருக்கிறது? வாளி ஏன் குழாய்க்கடியில் தவம் இருக்கிறது? கடைசியாக மகளைப் பிடித்து ஜன்னலோரம் நிறுத்தி, பழைய கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நரைச்சிருக்கு. நீ சொல்லவே இல்லை."

"வீடியோ கால்ல தெரியலையாம்மா?"

"எனக்குத் தெரியல. தினமும் நேர்ல பாக்கறவருக்குமா தெரியல?"

சரிக்கட்டி சோபாவின் ஆடாத பக்கத்தில் உட்கார்ந்தபடி, "அத்தை, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு" என்று ஆரம்பித்தார். பிறகு ஒளியுணர் செல்லைப் பற்றி விளக்கினார். மெல்ல நடக்கிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் கண்ணின் சிறப்பு. அந்தச் சிறப்பில் யாருக்கும் தெரியாத மூன்றாம் நிலையை இந்த வீட்டு மாப்பிள்ளை கண்டுபிடித்திருக்கிறார். அத்தை முழுக்கக் கேட்டார்.

"அப்ப பொண்டாட்டி நரைக்கறதைப் பாக்காததுக்குத்தான் உங்களுக்கு டாக்டர் பட்டம் குடுத்திருக்காங்களா மாப்ளே?"

கணவரைப் பழிவாங்கக் கிடைத்த வாக்கியத்தை மனைவி வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கண்டுபிடிப்பின் மகிமை வீட்டில் எடுபடவில்லை. லேபில் எடுபடும் என்று நம்பினார் சரிக்கட்டி. வாரக் கடைசியில், யாருமில்லாத நேரமாகப் பார்த்து, மாமியாரையும் மனைவியையும் இருட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குழுவுக்கு முன்னால் பேசுவதற்கு ஓர் ஒத்திகையாகவும் ஆகும். ஈயை ஒட்டினார். விளக்கைப் போட்டதும், ஈயின் பக்கம் திருப்புவதற்கு முன்னால், ஒரு வெள்ளை அட்டையின் மேல் அந்த ஒளிவட்டத்தை விழச்செய்து காட்டினார்.

அத்தை கண்களை மாற்றி மாற்றிப் பொத்தினார். "புதுக் கண்ணுல வெள்ளை. பழசுல துவைக்காத தலகாணி உறை."

பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வந்திருந்த பழக்கம் அது: எந்த வெளிச்சத்தைப் பார்த்தாலும் பக்கத்தில் தன் டார்ச்சை அடித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். இல்லாவிட்டால் எந்தக் கண்ணை நம்புவது என்று அவருக்குக் குழப்பம். போனை ஒரு டிஷ்யூ பெட்டியின் மேல் சாய்த்து வைத்து டார்ச்சைப் போட்டார். அட்டையில் இரண்டு வட்டங்கள். விளக்கின் வட்டம் பளீரென்று இருந்தது. டார்ச் வட்டம் அதன் பக்கத்தில் சோகையாக நின்றது.

"உங்க லைட்டுதான் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, டார்ச்சை அணைத்து, போனை அங்கேயே வைத்துவிட்டு மகளோடு டீ குடிக்கப் போனார். பதிவு தொடங்கியது.

முக்கால் மணி கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது சரிக்கட்டியின் முகம் திரை வெளிச்சத்தில் ஜொலித்தது.

"பாத்தீங்களா அத்தை? வளைவு வந்துருச்சு. லைட்டு அதே லைட்டு. ஆனா செல்லு கொஞ்சம் கொஞ்சமா கண்டுக்காம விடுது. இதுதான் மூணாம் நிலை."

"லைட்டு அதே லைட்டுன்னு யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

வாசகர்களே, விஞ்ஞானம் வளர்ந்தது முழுக்க இந்த ஒரு கேள்வியால்தான். அது வளராமல் நின்ற இடங்களிலெல்லாம் பக்கத்தில் மாமியார் இல்லை.

"லைட்டு எப்படி அத்தை மாறும்? நான் போட்டா எரியுது, அணைச்சா அணையுது. கண் முன்னாடிதானே இருக்கு? மங்கியிருந்தா எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடிக்கும்போதே தான் என்ன சொல்கிறோம் என்பது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மெல்ல நடக்கும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்று வாழ்நாளெல்லாம் நிரூபித்துக்கொண்டிருந்த மனிதர்! ஆனாலும் அட்டையை வைத்தார். ஒளிவட்டத்தை அதன் மேல் திருப்பினார். அத்தை அதே டிஷ்யூ பெட்டியின் மேல் அதே போனைச் சாய்த்து டார்ச்சைப் போட்டார்.

டார்ச் வட்டம் பளீரென்று இருந்தது. விளக்கின் வட்டம் சோகையாக நின்றது.

ஈ குழாய்க்குள் காலை அசைத்துக்கொண்டிருந்தது.

"அத்தை, அது வந்து... வெளியில இருந்து வந்தீங்கல்ல, உங்க கண்ணு இன்னும் பழகியிருக்காது."

"எந்தக் கண்ணு? புதுசா, பழசா?" அத்தை இரண்டையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார். "ரெண்டும் ஒரே பேச்சுத்தான் பேசுது."

மனைவி விளக்கின் முதுகில் கை வைத்து, "ஐயோ!" என்று இழுத்துக்கொண்டார். தோசைக்கல் போலக் கொதித்தது. அதன் ஓரத்தில் ஒரு ஒயர், எங்கும் சொருகப்படாமல், தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எங்க போகணும்?"

சரிக்கட்டி அந்த ஒயரைப் பார்த்தார். இத்தனை காலமும் அவர் முழங்கையில் உரசிக்கொண்டிருந்த ஒயர். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

டிராயரை மூவரும் சேர்ந்து இழுத்து உடைத்துத் திறந்தார்கள். உள்ளே ஒளிமானி இருந்தது. விளக்கை ஆறவிட்டு, மறுபடி போட்டு, ஈ இல்லாமல், வெறும் விளக்கை மட்டும் அளந்தார். ஃபேன் இல்லாத விளக்கு சூடேற ஏற, மெல்ல மெல்ல மங்கியது. அந்த வளைவை மூன்றாம் நிலையின் மேல் வைத்துப் பார்த்தார்.

படிந்தது. நேற்றுத் தைத்த சட்டை மாதிரி.

அத்தை ஈயின் அருகே குனிந்து, புதுக் கண்ணால் அதை உற்றுப் பார்த்தார். "பாவம். வெளிச்சம் குறையுது, குறையுதுன்னு இது நித்தமும் கத்தியிருக்கு. நீங்க அது பழகிப்போச்சுன்னு எழுதிட்டீங்க. ஈ பொய் சொல்லல மாப்ளே."

இந்த இடத்தில் நல்லவர்கள் அழுவார்கள், பெரியவர்கள் திருந்துவார்கள். சரிக்கட்டி இரண்டும் செய்யவில்லை. சரிக்கட்டினார். அதுவும் மூன்று நிலைகளில். முதல் நிலை, கண் இமைப்பதற்குள்: "இன்னிக்கு மட்டும் அப்படி இருந்திருக்கும்." இரண்டாம் நிலை, சற்று நிதானமாக, வீடு திரும்பும் வழியில்: "விளக்கு மங்கறதுல கொஞ்சம் பங்கு, செல்லுல கொஞ்சம் பங்கு." மூன்றாம் நிலை மறுநாள் காலை, பல் விளக்கும்போது, மெல்ல மெல்ல வந்தது: குழு கூட இன்னும் சில நாட்களே இருக்கின்றன, இப்போதைக்கு இருப்பதைச் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். இந்த ஒரு தடவை மட்டும்.

"அந்தக் குழுவுல யாரும் டார்ச் கொண்டுவரப் போறதில்லை" என்றார் மனைவியிடம்.

"அம்மா கொண்டுவருவாங்க."

"விளையாடாதே. வேலை போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். உங்களைவிட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி. பெட்டியை இறக்கித் தூசி தட்டிப் பாத்தாச்சு, சக்கரம் ஒண்ணு ஓடலை." மனைவி குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றார். "கதவை இடிச்சேன். வாளி மாத்தினேன். நரைச்சேன். எல்லாத்துக்கும் நீங்க பழகிட்டீங்க, நானும் சரின்னு விட்டேன். இதுக்கும் பழகிட்டீங்கன்னா, அப்புறம் உங்களை எந்தக் கண்ணால பாக்கறதுன்னு எனக்குத் தெரியாது."

சரிக்கட்டி வாயில் நுரையோடு நின்றார். பழகிடும் என்று சொல்ல வந்தார். வாயில் நுரை இருந்தது நல்லதாகப் போயிற்று.

குழு கூடிய நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. நிலையத்தில் இருட்டறை வைத்திருக்கிற எல்லாரும் வந்திருந்தார்கள். மூன்றாம் நிலையின் புகழ் அப்படி. தலைவர் நடுவில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மனைவி. பக்கத்தில், பார்வையாளராக வரலாமா என்று யாரையும் கேட்காமல் வந்து உட்கார்ந்த அத்தை. மடியில் போன். கட்டைவிரல் எங்கே இருந்தது என்பதை மேடையிலிருந்தே சரிக்கட்டியால் பார்க்க முடிந்தது.

முதல் நிலையைப் பற்றிப் பேசினார். இரண்டாம் நிலையைப் பற்றிப் பேசினார். அந்த அழகான வளைவைத் திரையில் போட்டார். அரங்கத்தில் ஒரு பாராட்டு முனகல். அத்தையின் விரல் அசையவே இல்லை. மனைவி போனையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கணவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றுதான் அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோல.

சரிக்கட்டி தொண்டையைச் செருமினார்.

"இது செல்லோட வளைவு இல்ல. என் விளக்கோட வளைவு. ஃபேன் ஒயரை நான்தான் கழட்டி வெச்சேன். ஈ சொன்னது அத்தனையும் சரி. நான் சொன்னதுதான் தப்பு."

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. தலைவர் தாடையிலிருந்து கையை எடுத்தார். "சுவா..." என்று தொடங்கி, முதன்முறையாக அந்தச் சொல்லை முடிக்காமல் விட்டார்.

இனி நகைப்பு, பிறகு பெட்டி, பிறகு விமானம் என்று நான்கூட நினைத்துவிட்டேன். ஆனால் எழுந்தது ஒரு கேள்வி. குழு உறுப்பினர்களில் ஒருவர், மாடியில் பெரிய லேப் வைத்திருக்கும் மூத்த அம்மையார், முகம் வெளிறியிருந்தார்.

"எந்த ஃபேன்? விளக்குக்குப் பின்னாடி இருக்கே, கிரீச்சுனு கத்துமே, அதுவா?"

"அதேதாங்க."

"அதைக் கழட்டக் கூடாதா?"

அரங்கத்தில் ஓர் அசைவு. பின்வரிசையிலிருந்து ஒருவர், போன் வந்ததுபோல் பாவனை செய்துகொண்டு எழுந்து போனார். அடுத்து இருவர். மூன்றாம் வரிசையே காலியானது. தாழ்வாரத்தில் முதலில் நடக்கும் சத்தம், பிறகு ஓடும் சத்தம். எல்லாரும் அவரவர் இருட்டறைக்கு. எல்லாரும் ஒரு நாளைக்கு மட்டும் கழற்றி வைத்தவர்கள்தான். தலைவர் தன் இருக்கையில் நெளிந்தார், சரிக்கட்டியின் இருட்டறை இருப்பதே அவருடைய கூடத்தில்தானே. அத்தை திரும்பி, காலியாகும் நாற்காலிகளைப் புதுக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தணிக்கை வாழ்க்கையில் இப்படி ஒரு அறுவடையை அவர் கண்டதில்லை.

மிச்சமிருந்தவர்கள் வேறு வழியில்லாமல் முடிவெடுத்தார்கள். கேட்டது மூன்று வருடம். கொடுத்தது ஒரு வருடம். வேலை: நிலையத்தில் உள்ள எல்லா விளக்குகளையும் அளந்து சொல்வது. மனைவி பெட்டியைப் பரணில் ஏற்றினார்; ஆனால் ஓடாத சக்கரத்தை முதலில் மாற்றிவிட்டு ஏற்றினார். கணவரைப் பார்த்து அன்று அவர் சிரித்த சிரிப்பைப் பற்றி இருவருமே என்னிடம் சொன்னார்கள். இந்த ஓர் இடத்தில் இருவர் பேச்சும் ஒத்துப்போகிறது.

ஆகவே சரிக்கட்டி திருந்திவிட்டாரா? உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு! முதல் வாரம் எல்லா ஃபேனையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குளியலறைக் கதவுக்குக் கீல் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு ஒருநாள் டீ குடிக்கும் இடத்தில், "எனக்கு ஆரம்பத்துலேயே அந்த விளக்கு மேல ஒரு சந்தேகம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்த மாதக் கடைசியில், "நான்தான் அத்தையை அதுக்காகவே லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன்." கீல் இன்னும் பொட்டலத்திலேயே இருக்கிறது. பூஜ்யம் நகர்ந்துவிட்டது, செல் அமைதியாகிவிட்டது.

சரி, அத்தையாவது? அவரை விமான நிலையத்தில் வழியனுப்ப நானும் போயிருந்தேன். "இடது கண்ணுக்கு எப்ப ஆபரேஷன்?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"அதுக்கு என்ன தம்பி அவசரம்?" என்றார் உலகத்தையே தணிக்கை செய்த அந்த அம்மாள். "இருக்கட்டும். இதுவே பழகிடுச்சு."

அவருக்கே இந்தக் கதியென்றால் நம்மைப் போன்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? நீங்கள் இதை ஏதோ ஒரு விளக்கின் கீழ் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளிச்சம் போதுமானதாக இருக்கிறதா? இருக்கிறது, நன்றாகத்தானே தெரிகிறது என்கிறீர்களா?

அவரும் அதைத்தான் சொன்னார். எதற்கும் ஒருமுறை விளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது ஒயர் தொங்கினால், அதைக் கழற்றி வைத்தது நான் இல்லை.